அரைப்பங்கு ஜகாத் கொடுத்த கதை

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே புழங்குவது அரைப்பங்கு என்ற பெயர்தான். முடிதிருத்தும் கடையில் வேலை. வெட்டுகிற ஒவ்வொரு தலைக்கும் வருகிற கூலியில் பாதி முதலாளிக்கு, பாதி இவருக்கு. நாற்காலி முதலாளியுடையது, கண்ணாடி முதலாளியுடையது, மின்விசிறியும் அவருடையது. கத்தரிக்கோலும் சீப்பும் மட்டும் இவருடையவை. "தலையாவது என்னோடதுதானே?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "அதுலயும் பாதி முதலாளிக்குத்தான் சார்" என்றார் அரைப்பங்கு.

கைத்திறமைக்குக் குறைவில்லை. காது மடலைக் கட்டைவிரலால் மடக்கிப் பிடித்தார் என்றால் ஆள் தூங்கிவிடுவார். முகத்தை வைத்து மனிதர்களை அடையாளம் காண்பது அவருக்குக் கடினம். பிடரியைக் காட்டினால் பெயர், தொழில், எப்போது கடைசியாக வெட்டிக்கொண்டார், யாரிடம் போய்க் கெடுத்துக்கொண்டு வந்தார் என்பது வரை சொல்வார்.

ஓர் அறை, ஒரு சமையல் இடம், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மனைவி வீட்டிலிருந்தபடியே மருந்துக் கடைகளுக்குக் காகித உறை ஒட்டுபவர். யாரும் இருமாமல் தும்மாமல் இருந்தால் மாதம் ஒழுங்காக ஓடிவிடும். ஒருவர் இருமினால் போதும், மாதம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அந்தக் கவிழ்ந்த மாதங்களுக்கு முட்டுக் கொடுக்க, வருடத்துக்கு ஒரு முறை ஜகாத் கமிட்டியிலிருந்து ஒரு கவர் வரும்.

ஜகாத் என்றால் இதுதான்: வசதியுள்ள முஸ்லிம் ஒருவர், ஒரு வரம்புக்கு மேலான செல்வம் தன்னிடம் ஒரு முழு வருடம் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இது தர்மமோ தயவோ இல்லை, கடமை. கொடுப்பவரின் பெருந்தன்மைக்கு இதில் வேலை இல்லை. வாங்குபவரின் உரிமை அது. கமிட்டித் தலைவர் இதை மேடையில் மிக அழகாகச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு, உரிமையை வாங்க வந்தவர்களை வெயிலில் வரிசையாக நிற்கச் சொல்வார்.

கமிட்டியின் பட்டியலில் நூற்று நாற்பது பெயர்கள். வசூலான தொகையை நூற்று நாற்பதால் வகுத்து, நூற்று நாற்பது கவரில் போட்டு ஒட்டுவார்கள். யாருக்கும் கூடாது, யாருக்கும் குறையாது. ஒரு கவர் ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைக்கு வரும். ஐம்பத்திரண்டு வாரத்தில் ஒரு வாரம். ஆனைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனால் ஆளுக்கு எத்தனை பொரி என்பதில் கமிட்டி ஒரு பொரி பிசகியதில்லை.

இப்படி இருபத்து மூன்று வருடம் வாங்கினார் அரைப்பங்கு. முதல் வருடம் அவருக்கு முன்னால் நின்றவரே இருபத்து மூன்றாவது வருடமும் முன்னால் நின்றார், நரைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நரையையும் அரைப்பங்குதான் கவனித்தார்.

கமிட்டித் தலைவருக்குக் குழாய், தொட்டி, ஓடு முதலிய குளியலறைச் சாமான் வியாபாரம். விநியோகத்துக்கு முந்தைய நாள் முடி வெட்டிக்கொள்வது அவர் வழக்கம், படம் எடுப்பார்கள் அல்லவா. அந்த இருபத்து மூன்றாவது வருடமும் வந்து உட்கார்ந்தார். அரைப்பங்கு துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார்.

"தலைவரே, ஒரு யோசனை."

"கிருதாவ கொஞ்சம் ஏத்துப்பா."

"ஏத்தறேன். நீங்க எனக்கு இருபத்து மூணு வருஷமா கவர் குடுக்கறீங்க. இன்னும் ஒரு இருபது வருஷம் குடுப்பீங்க."

"இன்ஷா அல்லாஹ்."

"அந்த இருபதையும் இப்பவே மொத்தமா குடுத்தீங்கன்னா, நான் சொந்தமா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுப்பேன். அப்புறம் உங்க கவர் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கத்தியைத் துடைத்து மடக்கிய பிறகுதான் தலைவர் வாய் திறந்தார்.

"உனக்கு மட்டும் அள்ளிக் குடுத்தா மீதி நூத்தி முப்பத்தொம்பது பேர் என்னைச் சும்மா விடுவாங்களா?"

"அவங்களுக்கும் வருஷத்துக்குக் கொஞ்சம் பேரா..."

"இது தலை இல்லப்பா, ஒண்ணொண்ணா உக்கார வச்சு வெட்டறதுக்கு. எல்லாருக்கும் சமமா குடுக்கறதுதான் நியாயம்" என்றார் தலைவர். கண்ணாடியில் இரண்டு கிருதாவும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் வரிசை. அரைப்பங்குக்கு முன்னால் நின்றவர் இஸ்திரி அக்கா. சலவைக் கடை ஒன்றில் தினக்கூலிக்குத் துணி தேய்ப்பவர். கணவர் இல்லை. மணிக்கட்டு முழுவதும் சூட்டுத் தழும்பு, நாக்கிலும் அதே சூடு. பின்னால் நின்றவர் கேன் அண்ணன்; தண்ணீர்க் கேனைத் தோளில் ஏற்றி மாடி மாடியாகக் கொண்டுபோய் வைப்பவர். இந்த இரண்டு பேருக்கு நடுவில் நின்றபோதுதான் அரைப்பங்குக்கு அந்த யோசனை உதித்தது.

"அக்கா, இந்தக் கவர் நம்ம கைக்கு வந்துட்டா யாரோடது?"

"இது என்ன கேள்வி? நம்மோடது."

"நம்மோடதுன்னா நாம என்ன வேணா செய்யலாம்தானே? ஏழு பேரு சேர்ந்து ஏழு கவரையும் ஒருத்தர் கையில குடுப்போம். அடுத்த வருஷம் அடுத்தவருக்கு. சீட்டு மாதிரி. ஏலம் கிடையாது, வட்டி கிடையாது."

"முதல் சீட்டு யாருக்கு?"

"எனக்கு."

"அதானே பார்த்தேன்" என்றார் அக்கா. "வரிசையில முன்னாடி நிக்கறவ நான். யோசனை சொல்றவன் நீ. பணம் உனக்கு."

"என் நாற்காலி ஓடுச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து என் பங்கை என் சம்பாத்தியத்துலேர்ந்தே போடறேன். உங்களுக்கு முதல்ல குடுத்தா, நீங்க திருப்பிப் போடுவீங்கன்னு நான் நம்புவேன். என்னை நம்பறீங்களான்னுதான் கேக்கறேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாவது எனக்கு" என்றார்.

கேன் அண்ணன் பின்னாலிருந்து கேட்டார்: "ஏழாவது ஆளு அதுவரைக்கும் உசிரோட இருப்பானா?"

"உசிரோட இருந்தாத்தானேண்ணே கவர் குடுப்பாங்க."

வரிசை நகர்வதற்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் கையால் கவரை வாங்கினார்கள், படத்துக்கு முகம் காட்டினார்கள், தெருமுனை திரும்பியதும் ஏழு கவரும் அரைப்பங்கின் சட்டைப் பைக்குள் போயின. சட்டைப் பை வாழ்நாளில் முதல் முறையாக வீங்கியது. வீட்டுக்கு வரும்வரை அதன் மேலிருந்த கையை அவர் எடுக்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

முடிதிருத்தும் நாற்காலி புதிதாக வாங்க ஏழு கவர் போதாது. மூடப்பட்ட ஒரு பல் வைத்தியசாலையிலிருந்து பழைய நாற்காலி ஒன்று மலிவாகக் கிடைத்தது. சாயும், ஏறும், இறங்கும். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில், மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில், நாற்காலியும் ஒரு கண்ணாடியும் கொள்ளும் அளவுக்கு இடம் வாடகைக்குக் கிடைத்தது. உயரமானவர்கள் குனிந்து வர வேண்டும். ஒரே ஒரு சிக்கல்: நாற்காலியைப் பின்னால் சாய்த்தால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தங்களையறியாமல் வாயைத் திறந்தார்கள். "மூடிக்குங்க சார், இங்க மேல்வேலை மட்டும்தான்" என்பார் அரைப்பங்கு.

பழைய பிடரிகள் தேடிக்கொண்டு வந்தன. இப்போது முழுக் கூலியும் அவருக்கு. ஆனால் பெயரை மாற்ற ஊருக்கு நேரமில்லை, அரைப்பங்கு அரைப்பங்காகவே இருந்தார். குடும்பமும் பாதிக் கூலியில் வாழப் பழகிய குடும்பம். மீதிப் பாதி என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய பெண்ணின் கல்லூரிக்கு என்று மனைவி அதற்குக் காவல் இருந்தார்.

இஸ்திரி அக்கா சும்மா இருக்கவில்லை. இரண்டாவது சீட்டு தனக்குத்தான் என்பதால், எடை கூடிய பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றுக்கும் மேசைக்கும் சொல்லி வைத்தார். சலவைக் கடைக்காரரிடம் அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கடைக்காரர் உடனே வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருட விநியோகம் வந்தது. பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். இஸ்திரி அக்காவின் பெயர் வரவில்லை. கேன் அண்ணன் பெயர் வரவில்லை. மற்ற நான்கு பேரின் பெயரும் வரவில்லை. அரைப்பங்கின் பெயர் மட்டும் வந்தது. மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் கவரை வாங்கப் போகவில்லை, கமிட்டிச் செயலாளரிடம் போனார்.

விஷயம் கமிட்டியின் காதுக்கு எட்டியிருந்தது. கூடிப் பேசி, தெளிவாக ஒரு முடிவும் எடுத்திருந்தார்கள். கைக்கு வந்த ஜகாத்தை ஆறு பேர் தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவருக்குக் கொடுக்க முடிகிறவருக்குத் தேவை இல்லை என்றுதானே அர்த்தம்? தேவை இல்லாதவருக்கு ஜகாத் கொடுத்தால் கொடுத்தவர்களின் கடமை நிறைவேறாதே. ஆகவே ஆறு பேரும் நீக்கம். அரைப்பங்கோ யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார். ஆகவே அவர் ஏழைதான். அவர் பெயர் இருக்கட்டும்.

"நாற்காலி போட்டவன் நான் சார்" என்றார் அரைப்பங்கு. "எடுக்கறதுன்னா என் பேரைத்தானே எடுக்கணும்?"

செயலாளர் நல்லவர். எந்தக் காகிதத்தையும் நேராக அடுக்கி வைக்காமல் அவரால் பேச முடியாது. அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கமிட்டி முடிவை நான் மாத்த முடியாதுப்பா. பொதுக்குழுல பேசினா மாத்தலாம்."

"பேசறேன். எப்போ?"

"அடுத்த விநியோகத்துக்கு முன்னாடி. ஆனா பேசணும்னா உறுப்பினரா இருக்கணும். உறுப்பினர்னா ஜகாத் குடுக்கறவர்."

"வாங்கறவர்?"

"வாங்கறவருக்குத்தான் கவர் இருக்கே."

படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரி அக்கா காத்திருந்தார். திட்டுவார் என்று அரைப்பங்கு எதிர்பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வேலையும் போச்சு, பேரும் போச்சு" என்றார் அக்கா. "உன்னால எனக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு, ஓய்வு." கேன் அண்ணன் கீழ்ப்படியில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு மூன்று சக்கர வண்டி ஆசை இருந்தது. இப்போது அந்த ஒரு வார மளிகையும் இல்லை.

வீட்டில் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்கள். ஜகாத்தின் வரம்பு ஏறக்குறைய அறுநூறு கிராம் வெள்ளியின் விலை என்பது அரைப்பங்குக்குத் தெரியும். அது எத்தனை ரூபாய் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. ஏழையின் வீட்டில் வெள்ளி விலை எதற்கு? இப்போது கேட்டுவிட்டு வந்து, ஆறு பேருக்கும் திருப்பித் தர வேண்டிய ஆறு கவர்ப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எண்ணினார். டப்பா இரண்டு மாதத்துக்கு முன்பே வரம்பைத் தாண்டியிருந்தது.

மனைவி ஒட்டிக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தார். "அப்போ இன்னைக்கு நீங்க அந்தக் கவரை வாங்கியிருந்தா தப்பாயிருக்கும்."

"அதான் வாங்கலையே."

"கோவத்துல வாங்கல. கணக்குப் பார்த்தா வாங்காம வந்தீங்க?"

அரைப்பங்கு நாட்காட்டியை எடுத்தார். வரம்பைத் தொட்ட நாளிலிருந்து ஒரு வருடம் பணம் குறையாமல் நின்றால் அவர் ஜகாத் கொடுப்பவர். அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே அந்த வருடம் முடிந்துவிடும். பணத்தைத் தொடாமல் இருந்தால் போதும். தொடாமல் இருப்பது அவர்களுக்குப் புதிதில்லை, இத்தனை காலம் இல்லாததைத் தொடாமல்தான் இருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் மனைவி. "அக்காவுக்காகப் பேசணும்னு பணத்தைப் பூட்டி வப்பீங்க. அந்த ஒரு வருஷம் அக்கா என்ன சாப்பிடுவாங்க, நீங்க பேசப்போற பேச்சையா?"

"குடுத்துட்டா வரம்பு குறைஞ்சிடும். பேச விடமாட்டாங்க."

"குடுக்கலைன்னா பேசறதுக்கு உங்களுக்கு முகம் இருக்காது."

இரண்டும் உண்மையாக இருந்தது. அக்காவுக்குக் கொடுத்தால் மற்ற ஐந்து பேருக்கும் பேச ஆள் இல்லை. கொடுக்காவிட்டால், தன் சொல்லை நம்பி வேலையை விட்டவரைத் தெருவில் விட்டதாகும். நான்கு நாள் அரைப்பங்கு, கிருதாவை விடச் சொன்னவர்களுக்கெல்லாம் ஏற்றி வெட்டினார். வாடிக்கையாளர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் இமாமைப் பிடித்தார். இமாமை எல்லோரும் ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு இமாம் சொன்னார்: "அந்தம்மாவுக்குக் கடனா குடு."

"குடுத்தா வரம்பு குறையுமே ஹஜ்ரத்."

"திரும்பி வரும்னு நம்பிக்கை இருக்கிற கடன் உன் சொத்துதான். டப்பாவுல இருக்கறதோட அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

"என் கையில இல்லையே?"

"உன் கையில இல்ல. ஆனா அது உன்னோடதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?"

அரைப்பங்கு எழுந்தவர், திரும்ப உட்கார்ந்தார். "அப்போ ஹஜ்ரத், கடனுக்குச் சரக்கு விக்கறவங்க, வரவேண்டிய பாக்கி இருக்கிறவங்க, எல்லாரும் அதையும் சேர்த்துத்தான் ஜகாத் கணக்குப் போடறாங்களா?"

இமாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கேட்டவங்களுக்குச் சொல்லியிருக்கேன்."

"எத்தனை பேரு கேட்டிருக்காங்க?"

"நீ முதல் ஆளு."

மறுநாளே இஸ்திரிப் பெட்டி வந்தது, மேசையும் வந்தது. படிக்கட்டுக்கு அடியில், பல் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், மேசை நீளத்துக்குச் சரியாக இடம் இருந்தது. முடி வெட்ட வந்தவர்கள் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எழும்போது தலையும் சட்டையும் சேர்ந்து தயாராக இருந்தன. வாரா வாரம் அக்கா தவணை கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம், "இந்தா, உன் சொத்து" என்பார். ஒரு வாரம் மழையில் துணி வரவில்லை, தவணையும் வரவில்லை. "உன் சொத்து இந்த வாரம் லீவு" என்றார். அரைப்பங்கு கேட்கவில்லை. கேன் அண்ணனின் முதுகு மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. மூன்றாவது மாடிக்குக் கேனைக் கொண்டுபோக அவர் இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த வருடம் பெரிய பெண் கல்லூரியில் சேர்ந்தாள், புதிதாக மிஞ்சியது டப்பாவுக்குப் போகாமல் கட்டணமாகப் போனது. வருடம் நிறைந்தது. டப்பாவில் இருந்ததையும் அக்காவிடம் நின்ற பாக்கியையும் சேர்த்து, அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்து எடுத்தார் அரைப்பங்கு. மனைவி தான் ஒட்டிய புது உறை ஒன்றில் அதைப் போட்டார். உறையின் மேல் 'உணவுக்குப் பின்' என்று அச்சாகியிருந்தது.

செயலாளர் பிரித்து எண்ணினார். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"இதுக்கு ரசீது போட்டா ரசீதுப் புத்தகத்துக்கே கட்டாதுப்பா."

"போடுங்க சார்."

"வரம்பு அளவுக்கு உங்கிட்ட இருக்கா?"

"பாதி டப்பாவுல இருக்கு. மீதி அக்காகிட்ட கடனா இருக்கு."

செயலாளர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். "கடனாப் போனது சேருமான்னு எனக்குத் தெரியலையே. பொதுக்குழுல கேட்டுடுவோம்" என்றார். அரைப்பங்குக்கு வேண்டியது அதுதான்.

பொதுக்குழு பள்ளிவாசலுக்கு மேல்மாடிக் கூடத்தில் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றாது. முப்பது பேர் இருந்தார்கள். மரக்கடைக்காரர், துணி மொத்த வியாபாரி, இரும்புச் சாமான் வியாபாரி, எல்லோரும் அரைப்பங்குக்குப் பின்பக்கமிருந்தே நன்றாகத் தெரிந்தவர்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பழக்கப்பட்ட பிடரிகளாகத் தெரிந்ததில் பயம் கொஞ்சம் குறைந்தது.

செயலாளர் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, வேலை சுலபமாக முடிந்தது என்ற சிரிப்பு. "கடனாப் போன பணம் கையில இல்லாத பணம். அது எப்படிச் சேரும்? அரைப்பங்கு, உன் மனசைப் பாராட்டறேன். ஆனா நீ இன்னும் குடுக்கற இடத்துக்கு வரலப்பா. அந்தக் கவரைத் திருப்பி எடுத்துக்கோ."

"ஹஜ்ரத்தைக் கேட்டுட்டுத்தான் தலைவரே கொண்டுவந்தேன்."

இமாமைக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் படியேறி வந்து, நின்றபடியே, அரைப்பங்கிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். திரும்பி வரும் என்று நம்புகிற கடன் கொடுத்தவருடைய சொத்து. சரக்குக்கு வரவேண்டிய பாக்கியும் அப்படித்தான். சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூடத்தில் சுற்றாத மின்விசிறியின் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் வியாபாரமே கடனுக்குச் சரக்குக் கொடுத்துப் பிறகு வசூலிப்பதுதான். கல்லாப்பெட்டியில் இருந்ததற்கு ஒரு காசு பிசகாமல் ஜகாத் கொடுத்தவர்கள், வெளியே நிற்கும் பாக்கியை ஜகாத்துக்கு என்று ஒருநாளும் எண்ணியதில்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. துணி வியாபாரி மேல்கூரையைப் பார்த்தார். இரும்புக்காரர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "இந்தச் சட்டம் எப்போலேர்ந்து ஹஜ்ரத்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"எங்களுக்கு யாரும் சொல்லலையே."

"அரைப்பங்கு வந்து கேட்டார், சொன்னேன்" என்றார் இமாம்.

தலைவர் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். அவருடைய குழாயும் தொட்டியும் எத்தனை கட்டடங்களில் பாக்கியாக நிற்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். பிறகு, "ரசீது போடுங்க" என்று செயலாளரிடம் சொன்னார். அரைப்பங்கைப் பார்த்து, "என்னமோ பேசணும்னியே, பேசு" என்றார். எதைப் பேசினாலும் பரவாயில்லை, பாக்கியைப் பற்றிப் பேச்சு வராமல் இருந்தால் சரி என்ற குரல் அது.

அரைப்பங்கு எழுந்தார். கையில் சீப்பு இல்லாமல் இத்தனை பேருக்கு முன்னால் அவர் நின்றதில்லை.

"ஆறு பேரை நீங்க எடுத்துட்டீங்க. அவங்க வயித்தைக் கட்டித்தான் எனக்குக் குடுத்தாங்க, மிஞ்சிக் குடுக்கல. திரும்பச் சேர்க்கணும்."

"சேர்த்துடலாம்" என்றார் தலைவர் உடனே.

"இன்னொண்ணு. ஹஜ்ரத் சொன்ன மாதிரி கணக்குப் போட்டா இந்த வருஷம் பணம் கூட வரும். அதைக் கவர்ல போட்டுடாதீங்க. வருஷத்துக்குக் கொஞ்சம் பேருன்னு எடுத்து, தொழிலுக்கு வேணுங்கறதை முழுசா குடுங்க. பொருளா குடுங்க, பணமா குடுங்க, ஆனா அது அவங்களுக்குச் சொந்தமா இருக்கணும்."

மரக்கடைக்காரர் கையைத் தூக்கினார். "அப்போ சமத்துவம்?"

"கேன் அண்ணனை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க" என்றார் அரைப்பங்கு. "அவருக்கு வண்டி வேணும். எனக்கு இனிமே ஒண்ணும் வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கவரைக் குடுத்தா அது சமமா சார்?"

ஒரு மணி நேரம் பேசினார்கள். தொழிலுக்கு என்று முழுவதையும் ஒதுக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளிகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கவர்தான் வேண்டும், அதுவும் நியாயம்தான். கடைசியில் வசூலில் மூன்றில் ஒரு பங்கு தொழிலுக்கு, மீதி கவருக்கு என்று முடிவானது. விட்டுப்போன பழைய வருடங்களின் ஜகாத் பற்றித் துணி வியாபாரி இமாமிடம் தனியாக வந்து பேசுவதாகச் சொன்னார். மற்றவர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். பேசினாரா, கொடுத்தாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அந்த வருட வசூல் முந்தைய வருடத்தைப் போல் ஒன்றரை மடங்கு வந்தது என்பது மட்டும் அறிவிப்புப் பலகையில் இருந்தது. தொழில் பட்டியலில் முதல் பெயர் கேன் அண்ணனுடையது.

கூட்டம் கலைந்தபின் செயலாளர் பதிவேட்டைப் பிரித்தார். முதல் வேலையாக அரைப்பங்கின் பெயரின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பக்கத்தில் நீக்கியதற்கான காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்ன சார்?"

"இத்தனை வருஷத்துல இதுல ரெண்டே காரணம்தான் எழுதியிருக்கேன். மவுத், இல்லைன்னா ஊர் மாறிட்டார். அந்த ஆறு பேருக்குக் கட்டத்தையே காலியா விட்டுட்டேன். உனக்கு என்ன போடறது?"

"தேவை முடிஞ்சதுன்னு போடுங்க."

செயலாளர் எழுதினார். கட்டம் மரணத்தைக் குறிக்கும் மவுத் என்ற ஒற்றைச் சொல்லுக்கு அளவெடுத்துச் செய்தது. இரண்டு சொற்களைப் பொடி எழுத்தில் நெருக்க வேண்டியிருந்தது. பிறகு ஆறு பெயர்களைச் சேர்க்கப் புதுப் பக்கம் திருப்பினார். ஐந்து எழுதினார். "ஆறாவது அந்த இஸ்திரி அம்மா. அவங்களுக்குத்தான் இப்போ மேசை, பெட்டி எல்லாம் இருக்கே. எழுதவா வேணாமா?"

"பெட்டிக்குக் கடன் இன்னும் பாக்கி இருக்கு சார். ஆனா அவங்களைக் கேட்டுட்டுத்தான் எழுதணும். ஒரு தடவை கேக்காம எடுத்தீங்க, இப்போ கேக்காம சேர்க்க வேணாம்."

செயலாளர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். அரைப்பங்கு இரண்டு தெரு நடந்து படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றார். அக்கா ஒரு முழுக்கைச் சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேரையும் சேர்க்கிறார்கள் என்றதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கேன் அண்ணனுக்கு வண்டி என்றதும், "அந்த முதுகுக்கு வண்டி வந்தா சரி" என்றார்.

"உங்க பேரை எழுதவான்னு கேக்கறாரு."

அக்கா சட்டையைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

"எழுதச் சொல்லு" என்றார். "பென்சில்ல எழுதச் சொல்லு."